மூன்று கிலோ வரைக்கும்

"அத மொதல்ல தராசுல வைங்க" என்கிறார் எப்சி அக்கா. அவர் கணவர் ஜெனோ அண்ணன், தண்ணீர்க் குடத்தை மீன் நிறுக்கும் தராசில் வைக்கிறார். சிவப்பு எண்கள் ஏழரையில் நிற்கின்றன. "இது உங்க வேல." அடுத்து அரிசி டப்பா. இரண்டு கிலோ எண்ணூறு. அதை மட்டும் அக்கா இரு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில், வீட்டு வாசலிலேயே உவரிக் கடல் மீன் விற்பவர் அக்கா. வயது இருபத்தொன்பது. பத்து நாளுக்கு முன் சினைப்பைக் கட்டியை, வயிற்றில் துளை போட்டு எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றதும், வார்டில் முதலில் பையைக் கட்டியவர் அக்காதான். வீட்டில் பதினோரு மாத மகள் அக்ஸா இருந்தாள். ஆனால் டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார்: ஒரு மாதத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கினால் துளை போட்ட இடம் பிதுங்கி, மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கும்.

எதிர்வீட்டு இசக்கித்தாய்க்கு இதில் நம்பிக்கையில்லை. "ஏட்டி, ஒரு நாள்ல வீட்டுக்கு வந்தா அது ஆபரேஷனா? பல்லு புடுங்குனவங்கூட ரெண்டு நாள் படுப்பான்."

அக்கா சிரிக்கவில்லை. சிரித்தால் வயிறு இழுக்கும். "அறுத்தது வயித்துல யக்கா, வலிச்சது தோள்ல. ஆபரேஷனுக்காக உள்ள அடச்ச காத்து மேல ஏறிட்டாம். நடந்து நடந்துதான் எறக்குனேன். எத்தன நடைன்னு இந்தத் தெரு நாயிட்ட கேளுங்க."

நேற்று முதல் மறுபடியும் வியாபாரம். வாங்க வருபவர் யாரிடமும் வேலை சொல்லத் தயங்குவதில்லை. "அண்ணாச்சி, சாள மீனு வேணும்னா ஐஸ் பெட்டிய இங்கன இழுத்துப் போடுங்க."

வீடு வந்த அன்றே மகளையும் தராசில் உட்கார வைக்கச் சொன்னார். எட்டு கிலோ அறுநூறு. "ஒரு தடவ தூக்கிக்கயேன், பாவம்" என்றார் ஜெனோ அண்ணன்.

"இன்னைக்குத் தூக்குனா நாளைக்கும் கேப்பா. நான் திரும்ப அங்க போய்ப் படுத்தா இவள யாரு பாக்கது?"

இன்று காலை அக்ஸா தூங்கி எழுந்ததும் நேராக வாசலுக்குத் தவழ்ந்து வந்தாள். அம்மாவின் நைட்டியைப் பிடித்து நின்று, இரு கைகளையும் மேலே நீட்டி அழுதாள். இசக்கித்தாய் விளக்குமாற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கைகள் பாதிவரை போய்விட்டன. சட்டென்று அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு சுவரைப் பிடித்து, பைய, செதில் ஒட்டிய தரையிலேயே உட்கார்ந்து, கால் நீட்டி, மடியைத் தட்டினார்.