நீதிபதியின் வலக்கை

ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் பெரிய ஓவியர்கள் பல நேரம் முகத்தை மட்டும்தான் வரைவார்களாம். பட்டுச் சட்டை, திரைச்சீலை, கைகள் எல்லாம் பட்டறை உதவியாளர்களின் வேலை. கீழே ஒரே ஒரு பெயர். லண்டனில் நான் வேலை செய்கிற ஸ்டூடியோவிலும் அதே முறைதான். எங்கள் ஓவியர் அதைப் பெருமையாகவே சொல்வார், வாடிக்கையாளர் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

எனக்கு விழுந்தது கைகள். படம் கேட்டு வருகிற பெரிய மனிதர்களை முகத்துக்கு உட்காரவைப்பதே பெரும்பாடு. கைக்கு யார் உட்காருவார்கள்? மனதிலிருந்து வரைந்துவிடுவேன். ஏதாவது ஒரு குறை இல்லாவிட்டால் அது பொம்மைக் கை என்பார் ஓவியர். ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியின் படத்தில் வலக்கைச் சிறுவிரலை உள்பக்கம் வளைத்தேன். பெருவிரல் நகத்தில் நெடுக ஒரு பிளவும் போட்டேன். நீதிபதிக்குத் தன் முகம் பிடித்திருந்தது. கையை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

படம் கண்காட்சிக்கு வந்தபோது மோர்டன் வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிப்போனேன். ஓவியருக்கு உதவி செய்கிறேன் என்பதற்கு மேல் அவரிடம் நான் சொன்னதில்லை. கைகள் யாருடைய வேலை என்று வெளியே சொல்லக்கூடாது என்பது ஸ்டூடியோவின் சட்டம். அம்மாவிடம் சொன்னால், எங்கள் ஊர்க்காரர் கூடுகிற விம்பிள்டன் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும்.

அம்மா நீதிபதியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இது அப்பாவின்ர கை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரில் சண்டை நடந்த காலத்தில், விசாரிக்க வேண்டும் என்று ராணுவம் அப்பாவை வீட்டிலிருந்து கூட்டிப்போனபோது எனக்கு நாலு வயது. அவர் திரும்பி வரவில்லை. போட்டோக்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. அம்மா இன்றைக்கும் பொட்டு வைக்கிறார், திவசம் என்ற பேச்சையே எடுக்கவிடமாட்டார். அந்த நகத்தை நானாகக் கற்பனை செய்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"நகத்தைப் பார், கதவுக்க நெரிபட்டது" என்றார் அம்மா. பிறகு படத்தின் கீழிருந்த கையெழுத்தைக் காட்டினார். "இந்த மனுசன் அப்பாவை எங்கயோ கண்டிருக்கிறார். பார்க்காமல் இப்பிடிக் கீற ஏலாது. ஆள் உயிரோட இருக்கிறார், பிள்ளை."

நான் தடுப்பதற்குள் அம்மா ஓவியரிடம் போய்விட்டார். இந்தக் கையை நேரில் பார்த்தா வரைந்தீர்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்திலேயே நீதிபதி நின்றிருந்தார். "ஒவ்வொரு விரலையும் பார்த்துத்தான்" என்று ஓவியர் வாய்கூசாமல் சொன்னார். அந்தப் பொய் அவருக்குப் பழகிப்போன ஒன்று. அவரை அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன்.

அம்மா ஓவியரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எங்க கண்டவர் எண்டு கேள். எந்த ஊரில, எப்ப கண்டவர் எண்டு கேள்."

வேலை போனால் போகட்டும்.

"அம்மா, அவர் ஒருத்தரையும் காணேல்லை. அந்தக் கையைக் கீறினது நான்."

அழுவார் என்று பயந்தேன். அம்மா அழவில்லை. ஓவியரை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்தார். முகத்தில் இருந்த ஆவல் கொஞ்சமும் குறையவில்லை.

"அப்ப நீ எங்கயடி கண்டனீ?"