வெறுங்கண்ணாடியில் தெரிந்த வித்தி

அந்தப் படம் இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. நீண்ட வால், குறுக்குச் சுவர்கள்; பங்கசு என்னும் பூஞ்சணத்தின் வித்தி ஒன்று. பத்திரிகையில் போட்டால் எதையும் திருத்தத் தேவையில்லாத தெளிவு. எடுத்தவள் என் மச்சாள், பௌதிகவியல் விரிவுரையாளர்.

உரும்பிராயில் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் வில்லையில்லாத நுணுக்குக்காட்டி ஒன்று வைத்திருந்தாள். லேசர் ஒளிக்கும் கமராவுக்கும் இடையில் ஒரு கண்ணாடித் தகடு, அவ்வளவுதான். கமராவில் உருவம் விழாது. குளத்தில் கல் விழுந்தாற்போல வளையங்கள் விழும். அந்த வளையப் பதிவான ஹோலோகிராமிலிருந்து உருவத்தை மீட்டு வரைய, ஏராளமான வித்திப் படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை நுண்ணறிவு ஒன்றைப் பயன்படுத்தினாள்.

மாமாவின் விதை வெங்காயத்தைக் கழுவிய நீரில்தான் அந்த வித்தி தெரிந்தது. அதற்கு முந்திய போகத்தில் அந்தப் பங்கசு நோய் வந்து தோட்டம் முழுவதும் வெங்காயத் தாள் கருகியிருந்தது. படத்தைப் பார்த்ததும், பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த விதை முழுவதையும் எரிக்க மாமா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு புறப்பட்டார்.

"அப்பா, கொஞ்சம் பொறுங்கோ. படம் வடிவுதான். ஆனா அளவுக்கு மிஞ்சின வடிவு," என்றாள் மச்சாள்.

துடைத்த வெறுங்கண்ணாடி ஒன்றை வைத்தாள். இயந்திரம் அதிலும் ஒரு வித்தியை வரைந்தது, வாலும் சுவருமாக.

"மச்சான், உது உன்ரை வேலையெல்லோ!" என்று சிரித்தாள். உயர்தரச் செய்முறை வகுப்பில், நுணுக்குக்காட்டிக்குள் ஒன்றும் தெரியாவிட்டாலும் புத்தகத்தைப் பார்த்து அமீபா வரைந்தவன் நான். "உனக்கு மிஸ் வெரி குட் போட்டவ. ஒண்டும் தெரியேல்லை எண்டு எழுதின எனக்கு முட்டை."

பிறகு கணக்கைத் தலைகீழாகப் போட்டாள். அந்த வித்தி உண்மையில் இருந்திருந்தால் எத்தகைய வளையங்கள் விழுந்திருக்கும் என்று கணித்து, கமராவில் விழுந்தவற்றோடு ஒப்பிட்டாள். பொருந்தவில்லை. மறுநாள் அவளுடைய பல்கலைக்கழக வளாகத்துச் சாதாரண நுணுக்குக்காட்டியில் தகடு தகடாகப் பார்த்தோம். எல்லாம் செம்மண் துணிக்கைகள்.

"அப்ப நடலாமோ, பிள்ளை?"

"இந்தத் தண்ணியிலை நோய் இல்லையப்பா. அதுக்கு மேலை நான் சொல்லமாட்டன்."

மாமா அன்று பின்னேரமே பிடிகளை இறக்கினார். மூவருமாக இருந்து நடுவதற்குக் காய் பிரித்தோம்.

அந்தப் போகம் நன்றாக வந்தது. இந்தப் போகமும் தாள் பச்சையாக நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மச்சாள் தாள் கழுவிய நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையங்கள் பொருந்தாத இடத்தைக் கறுப்பாகவே விடும்படி இயந்திரத்தை மாற்றியிருக்கிறாள். திரையின் ஒரு மூலை கறுத்துக் கிடந்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

"உதிலை என்ன கிடக்கு?"

"தெரியாதப்பா."

"சரி. நான் தண்ணி மாறப் போறன்."

மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்பிவிடத் தோட்டத்துக்கு நடந்தார்.