மண்ணுக்குள் போன துறவி நண்டு

செல்லப்பிராணிக் கடை வேலைக்குப் பொறுமை வேண்டும். அதைக் கடையில் தரமாட்டார்கள், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் எல்லோருக்கும் இது தெரியும். நான் தூத்துக்குடியில் விலங்கியல் படித்துவிட்டு, லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற பகுதியில் யோகண்ணையின் வளர்ப்பு மீன் கடையில் நிற்கிறேன். யோகண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், என் முதலாளி. மீன்களோடு எனக்கு வழக்கில்லை. என் பாடெல்லாம் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளோடுதான்.

அதிலும் ஒருவன் இருந்தான். வளர்த்தவர்கள் வீடு மாறும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். மற்றவற்றைவிடப் பெரியவன் என்பதால் பெயரும் பெரியவன். தனித் தொட்டி கொடுத்தோம். வந்த வாரமே மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போனவன்தான், ஆளைக் காணோம். யோகண்ணை எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "பிள்ளை, இது முடிஞ்சுது."

நண்டா, இல்லையா

ஒரு சனிக்கிழமை, கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், "இது என்ன சாதி நண்டு?" என்று கேட்டுவிட்டார். இந்தக் கேள்விக்காக நான் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறேன். விடுவேனா?

இது அசல் நண்டே இல்லை ஐயா என்று ஆரம்பித்தேன். அசல் நண்டுக்கு உடம்பு முழுக்க ஓடு உண்டு. இதற்கு வயிறு மெத்தென்று சுருண்டு கிடக்கும். அதை மறைக்கத்தான் சங்கு. கடைசி இரண்டு ஜோடிக் கால்கள் குட்டையாகி, உள்ளிருந்து சங்கைப் பிடித்துக்கொள்ளும். இவை கரீபியன் தீவுகளின் இனம். ஊதா நிற இடது கொடுக்கு பெரியது. உள்ளே ஒடுங்கினால் அதுவே வாசல் கதவு. செவுள் ஈரமாக இருந்தால்தான் மூச்சு விடும், ஆனால் தண்ணீருக்குள்ளேயே போட்டுவைத்தால் மூழ்கிச் செத்துவிடும். தென்னை மரம் ஏறும் அந்த ராட்சத நண்டு இருக்கிறதே, அது இதே குடும்பம். எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தொட்டியில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார்.

"நண்டில்லை எண்டால் பிறகேன் பிள்ளை 'நண்டு' எண்டு எழுதி வைச்சிருக்கிறியள்?"

வரிசை

துறவி என்று பெயர் வைத்த புண்ணியவான் இவற்றுக்கு வீட்டின் மேல் உள்ள ஆசையைப் பார்த்திருக்க மாட்டார். ஒருநாள் பொதுத் தொட்டியில் ஒரு பெரிய காலிச் சங்கைப் போட்டேன். ஒரு நண்டு வந்து தடவிப் பார்த்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் அதைவிடச் சின்னது என்று உயர வாரியாக வரிசை கட்டிவிட்டன. முன்னால் நின்றது புதுச் சங்குக்குள் தாவியதும், அது விட்டதில் அடுத்தது, அடுத்தது விட்டதில் அதற்கடுத்தது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லோரும் வீடு மாறிவிட்டார்கள்.

சவுத்தாலிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி மீன் தீனியைக் கையில் பிடித்தபடியே இதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடு வாங்க அலைகிறார்களாம். இவர்களுக்கு விற்பவர் தனக்கு வீடு கிடைத்தால்தான் காலி செய்வார். அவருக்கு விற்பவருக்கும் அதே கதை. கணவர் பெருமூச்சு விட்டார்.

"நாங்களும் இப்படித்தாங்க வரிசைல நிக்கிறோம். இதுங்களுக்கு பத்திரம் பார்க்குற சொலிசிட்டர் கிடையாது, அதான் சட்டுனு முடிஞ்சிருச்சு."

டப்பாவில் பிணம்

எங்களிடம் நண்டு வாங்கிப்போன, ஐடி வேலை பார்க்கும் சரவணன் ஒரு சாப்பாட்டு டப்பாவைக் கவுண்டரில் வைத்து, காசைத் திருப்பிக் கேட்டார். உள்ளே கால், கொடுக்கு எல்லாமாக ஒரு நண்டு அசையாமல் கிடந்தது. எடுத்தேன். காகிதமாக லேசாக இருந்தது. கண்கள் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தன. சங்கு எங்கே என்று கேட்டேன். மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது, எடுக்கவில்லை என்றார்.

இது பிணம் இல்லை, கழற்றிப் போட்ட சட்டை என்றேன். வளர வளரப் பழைய ஓடு பத்தாமல் போகும். மண்ணுக்குள் போய் அதை உரித்துவிட்டு, புது ஓடு இறுகும்வரை அங்கேயே கிடக்கும். உரித்த ஓட்டைத் தின்றுதான் தெம்பு தேற்றும். நீங்கள் அதன் பத்தியச் சாப்பாட்டையே டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள், கொண்டுபோய் இருந்த இடத்தில் வையுங்கள், தோண்டாதீர்கள் என்று துரத்தினேன். நம்பாமல்தான் போனார். கொஞ்ச நாள் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, செத்தது எந்திரிச்சு வந்து கேரட் தின்னுதுங்க!"

தொட்டி வேணும்

அடுத்தவன் நண்டுக்குச் சொன்ன நியாயம் நம் கடையில் எடுபடவில்லை. கப்பி மீன் புதிதாக வருகிறது, பெரியவனின் தொட்டி வேண்டும் என்றார் யோகண்ணை. நான் தினமும் காலையில் வந்ததும் அந்த மண்ணை மோந்து பார்ப்பேன். செத்திருந்தால் அழுகிய மீன் நாற்றம் கடையைத் தூக்கிவிடும். ஒரு வாடையும் இல்லை. உயிரோடு இருப்பவனை இப்போது தோண்டினால் நாமே கொன்றதாகும். "அண்ணே, மண்ணை அள்ளுறதா இருந்தா என் கணக்கையும் முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டேன். வாடகை அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. யோகண்ணைதான் ஒரு படி இறங்கினார்.

"ஞாயிறு கடை பூட்டுமட்டும் பொறுக்கிறன். பிறகு உம்மடை மூக்கை நம்பி என்னாலை வியாபாரம் செய்ய ஏலாது."

ஞாயிறு

ஞாயிறு வந்தது, பெரியவன் வரவில்லை. கடை பூட்டும் நேரம், நான் கடைசி வாடிக்கையாளருக்கு பில் போட்டுக்கொண்டிருந்தபோது, யோகண்ணை கரண்டியும் கறுப்புப் பையுமாகத் தொட்டியிடம் போய்விட்டார். "நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் மண்ணில் ஒரு குழி திறந்துவிட்டது. உள்ளே பெரியவன் வெளிறிப்போய் அசையாமல் கிடந்தான். பக்கத்தில் பாதி தின்ற பழைய ஓடு.

"பார், செத்துத்தானே கிடக்குது" என்றார். நான் குனிந்து மோந்தேன். வாடை இல்லை. கையைத் தொட்டிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றேன். எடுக்கவே மாட்டேன் என்று மனசுக்குள் தீர்மானம். வெகுநேரம் கழித்து ஒரு மீசை ஆடியது. நூல் அளவு. யோகண்ணை கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். நான் சொன்னபடி ஒரு பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, காற்றுக்கு ஓட்டை போட்டு, ஓட்டுத் துண்டுகளோடு சேர்த்து அவனை மூடினார். வெளிச்சம் படாமல் தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தொட்டியின் மேல் போர்த்தினார். பிறகு கப்பி மீன்காரருக்குப் போன் போட்டார்.

"மீனை இப்ப அனுப்பாதேங்கோ. ஓம், ஓம், சொன்னனான்தான். இப்ப தொட்டியிலை ஆள் இருக்கு."

புது ஓடு இறுகியதும் பெரியவன் நல்ல ஊதா நிறத்தில் வெளியே வந்து, இப்போது 'நண்டு' என்ற அட்டைக்குப் பின்னால் கேரட் தின்றுகொண்டிருக்கிறான். செத்துவிட்டது என்று சொல்ல ஊரே இருக்கிறது. சாகவில்லை என்று சொல்லிவிட்டு மண்ணை மோந்துகொண்டு நிற்கத்தான் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.