கண் மட்டும் பாக்கி

என் அக்காவின் கண்ணுக்குக் குறை மட்டும்தான் தெரியும். சம்பளமே அதற்குத்தான். சட்டைத் தொழிற்சாலையில் தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, பிசிறும் கோணல் தையலும் இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. வீட்டிலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. ஆசையாகப் புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்து நின்றால், "இடது கை தூக்கிட்டு நிக்குதுடி" என்பாள். நல்லா இருக்கு என்று ஒரு பேச்சுக்காவது சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அப்படிப்பட்டவள் ஒரு நாள் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் டாக்டர், அம்மாவின் இதயம் ரொம்பப் பலவீனமாக இருக்கிறது என்று அப்பாவையும் எங்களையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அம்மாவின் படம் என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. நாங்கள் பிறப்பதற்கு முன்பே ஸ்டவ் வெடித்து, அவளுடைய வலது பக்கம் நெற்றியிலிருந்து தாடை வரை வெந்துபோயிருந்தது. கேமராவைக் கண்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அடையாள அட்டையில் இருந்த முகத்தைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். அவள் போய்விட்டால் முகமும் கூடவே போய்விடும். அக்காவை அந்தப் பயம் பிடித்து ஆட்டியது.

ஒரு அச்சகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. நடுவில் நாற்காலி போட்டு, அந்தக் கட்டடத்து வாட்ச்மேனை மாடலாக உட்கார வைப்பார்கள். அசையாமல் இருக்க அவரை மிஞ்ச ஆளில்லை, பாதி நேரம் தூக்கம்தான். அக்கா எடுத்த எடுப்பில் அவர் மூக்கோரத்து மருவிலிருந்து ஆரம்பித்தாளாம். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"குறையைத் தேடாதீங்க மேடம். முதல்ல தலை மொத்தமா எப்படி இருக்குன்னு பாருங்க. அப்புறம் வெளிச்சம், நிழல். கண்ணு கடைசியில. முதல்லயே கண்ணைப் போட்டா அதையே கொஞ்சிட்டு மத்ததைக் கோட்டை விட்டுடுவீங்க."

அக்காவைவிட வயதில் சின்னவர் அந்த மாஸ்டர். ஆனாலும் அவர் சொன்னது அவளுக்குச் சட்டம். மழையானாலும் வெயிலானாலும் போனாள். முதலில் உருளைக்கிழங்கு மாதிரி இருந்த வாட்ச்மேன், போகப் போக வாட்ச்மேன் மாதிரியே ஆனார்.

அதன்பிறகு அம்மாவைக் கேட்டாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா கத்தவில்லை.

"கேமரான்னா ஒரு நொடியில புடுங்கிட்டுப் போயிடும். நீ வரையறதுன்னா, போதும்னா நிறுத்திடுவேல்ல?"

"நிறுத்திடுவேன்மா."

எங்கள் வீட்டில் வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் வெளிச்சம் வலது கன்னத்தில்தான் விழும். அம்மா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. அம்மாவை யாரும் நேருக்கு நேர் பார்க்க மாட்டோம். பார்த்தால் கூனிக் குறுகிப்போவாள். அவள் தோளையோ கையையோ பார்த்துத்தான் பேசுவோம். யாரும் சொல்லித் தரவில்லை, எங்கள் வீட்டு மரியாதை அது.

அக்கா பார்த்தாள். வாரா வாரம் பார்த்து, தழும்பின் ஒவ்வொரு சுருக்கத்தையும் தாளில் கொண்டுவந்தாள். ஒரு நாள் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, கண்ணில்லாம பேய் மாதிரி இருக்கேன்?"

"கண்ணு கடைசியிலம்மா. அடுத்த வாரம் போட்டுடறேன்."

"கன்னத்தையாவது கொஞ்சம் மழுப்பக் கூடாதா?"

"எதுக்கு மழுப்பணும்? நல்லாத்தான் இருக்கு."

அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று எங்கள் எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வரவில்லை. வாரத்தின் நடுவில் ஒரு காலை, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே சுவரில் சாய்ந்தாள். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா ஓடிவந்தபோது அம்மாவின் கண்களை யாரோ மூடிவிட்டிருந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அக்கா தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பென்சில் தாளில் படவே இல்லை.

"வலது கண்ணு இமை கீழ தொங்குமாடி, மேல இழுத்துட்டு இருக்குமா?"

"நீதானே இத்தனை வாரம் உத்துப் பாத்தே?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணுகிட்ட வந்தாலே அம்மா தலையைக் குனிஞ்சுக்குவா. நானும் கடைசியிலதானேன்னு விட்டுட்டேன்." தாளை என் பக்கம் திருப்பினாள். "உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

யோசித்து யோசித்துப் பார்த்தேன். அம்மாவின் தோள்தான் ஞாபகத்துக்கு வந்தது. அக்கா தாளை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, அம்மாவோட வலது கண்ணு எப்படிப்பா இருக்கும்?"

அப்பா நிமிர்ந்தார். படத்தையே பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"நான் எப்பவும் அவளுக்கு இடது பக்கம்தானேம்மா உக்காருவேன்" என்றார். "நேரா பாத்தா அவ மனசு கஷ்டப்படுமேன்னு..."

துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அக்கா இன்னும் தாளை நீட்டிக்கொண்டே நின்றாள்.