பாஸ் இல்லாத குட்டையில்

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மீன் பிடிக்கப் போனார். நானும் கூடவே போனேன். மீனுக்காக அல்ல... அவருக்காக.

பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆன கையோடு அவருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். டென்ஷனே ஆகக் கூடாது, மனசுக்கு அமைதி தருகிற மாதிரி ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். சேலம் வெயிலை விட்டு ஏற்காட்டுக்குக் குடி வந்தோம். இங்கே ஏரியைச் சுற்றி நடக்கலாம். ரோஜா வளர்க்கலாம். சும்மாவே உட்கார்ந்திருக்கலாம். இவர் எதைப் பிடித்தார் தெரியுமா? பாஸ் மீனை!

பாஸ் என்பது அமெரிக்க ஏரிகளில் இருக்கிற மீன். எங்கள் சேர்வராயன் மலையில் அது கிடையாது. இந்தச் சின்ன விவரத்தை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். டெக்னிக்தான் முக்கியம் என்றுவிட்டார்.

அந்த டெக்னிக்குக்குப் பெயர் அல்ட்ராலைட் பெய்ட்காஸ்டிங். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். ராட், அதாவது தூண்டில் கம்பு, ஈர்க்குச்சிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். ரீல் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும். நூல் நுனியில் கனமே இல்லாத ஒரு ரப்பர் புழு. வீசும்போது, சுழல்கிற ரீலைக் கட்டைவிரலால் பட்டும் படாமலும் அழுத்த வேண்டும். கொஞ்சம் பிசகினால் போதும், நூல் முழுக்க ரீலுக்குள்ளேயே சிக்கிக் குருவிக்கூடு ஆகிவிடும். அதைப் பிரிக்க அரை நாள். அந்த அரை நாளும் வீட்டில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. மன அமைதிக்கு எவ்வளவு பொருத்தமான விளையாட்டு!

கரடியூரில் எங்களுக்குக் காப்பிக்கொட்டை தருகிற பழனியம்மாவின் தோட்டத்தில் ஒரு குட்டை இருக்கிறது. அவர் மகன் அதில் விரால் குஞ்சு விட்டிருந்தான். பாஸ் பிடிக்க வந்திருக்கிறோம் என்றதும் பழனியம்மா யோசித்தார்.

"பஸ் பாஸுங்களா?"

விளக்கினோம். தலையாட்டினார். புரிந்த மாதிரி தெரியவில்லை. நான் மட்டும் தனியாக அவரிடம் ஸ்டென்ட் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். ஏதாவது ஒன்று என்றால் கூப்பிட ஆள் வேண்டுமே...

முதல் வீச்சில் குருவிக்கூடு. பிரித்தார். அடுத்த வீச்சில் புழு காப்பிச் செடியில் போய் மாட்டியது. எடுத்தார். அவர் நெற்றி வியர்ப்பதையே பார்த்துக்கொண்டு, மாத்திரை டப்பாவை மடியில் வைத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒரு வீச்சு — என்ன ஆயிற்றோ, சரியாகப் போய் விழுந்தது. கோரைப்புல் ஓரமாகத் தண்ணீர் கலங்கியது. ராட் வில்லாக வளைந்தது. விரால்!

அது நேராகக் கோரைக்குள் புகுந்து நூலைச் சுற்றிக்கொண்டது. மெல்லிய நூல். இழுத்தால் அறுந்துவிடும். இவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் குட்டைக்குள் இறங்கிவிட்டார். முழங்கால்... தொடை... இடுப்பு.

மாத்திரை டப்பாவோடு கரைக்கு ஓடினேன். "மீன் போனாப் போவுது, நீங்க ஏறி வாங்க" என்று கூப்பிட்டேன்.

"அங்க ஆழமில்லீங்க, பயப்படாதீங்க" என்று பழனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் ஜில்லென்றிருந்தது.

இவர் சேற்றில் தடவித் தடவி நூலைப் பிரித்தார். மேலே வந்தபோது சட்டையெல்லாம் பாசி, கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். முகத்தில் ஒரு சிரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை.

குழம்புக்கு ஆகும் என்று பழனியம்மா ஓடிப்போய்ப் பாத்திரம் எடுத்து வந்தார். அதற்குள் இவர் ஒரு போட்டோ எடுத்தார். குனிந்தார். மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டார்! வீடியோவில் அப்படித்தான் செய்வார்களாம்.

பழனியம்மா காலிப் பாத்திரத்தோடு என் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க, ஆஸ்பத்திரில நெஞ்சுக்கு மட்டுந்தான் பாத்தாங்களா?"

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். வளைவுக்கு வளைவு திட்டினேன். அறிவிருக்கிறதா என்று கேட்டேன். ஒரு விராலுக்காக என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருப்பீர்களே என்று கேட்டேன். அவர் சும்மா இருப்பாரா? தண்ணீர் இடுப்பளவுதான், உனக்கு எல்லாவற்றுக்கும் பயம், முதலில் ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று அவரும் கத்தினார். பஸ் ஸ்டாண்ட் வரும்வரை ஓயவில்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் உறைத்தது. இத்தனை மாதமாக நாங்கள் ஒரு சண்டைகூடப் போடவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாளுகிற மாதிரி அவரிடம் நானும், பேஷன்ட் மாதிரி என்னிடம் அவரும் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குப் பெயர்தான் அமைதி என்று நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். நானும்தான்.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை டாக்டர் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.