இரண்டு கட்டையில் ஒரு பாட்டு

தைராய்டு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சமையலறையில் நின்றபடி என் பாட்டைப் பாடிப் பார்த்தேன். முதல் இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரியில் குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி பாடினேன். மறுபடியும் காற்று. டாக்டர் முன்பே சொல்லித்தான் இருந்தார், பேச்சுக்கு ஒன்றும் ஆகாது, மேல் ஸ்தாயி மட்டும் போனாலும் போகலாம் என்று. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி.

என் பாட்டு என்று நான் சொல்லிக்கொள்வதுதான். உண்மையில் அது ஓர் அமெரிக்கப் பாடகியின் பாட்டு. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன கறுப்பினப் பெண்மணி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த என் அப்பா லீவில் வரும்போதெல்லாம் கொண்டுவந்த ரெக்கார்டுகளில்தான் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஜாஸ் என்ற சொல் தெரிவதற்கு முன்பே அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதுகூட எனக்கு மனப்பாடம். அவருடைய கடைசிக்கால ரெக்கார்டு ஒன்றும் இருந்தது. அதில் குரல் உடைந்து, கரகரத்து, வார்த்தையைப் பாதியில் விட்டுவிடும். சின்ன வயதில் அதை ஓடவிட்டால் எழுந்து போய்விடுவேன். ஆபரேஷனுக்குப் பிறகு அதை மட்டும்தான் கேட்டேன்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான் பாட்டு. உழவர்கரையில் ஒரு சோப்பு கம்பெனியில் கணக்கு எழுதிய என் வீட்டுக்காரர் கீபோர்டு. மாதா கோயில் ஆர்கனில் கை பழகியவர், அதனால் கல்யாணமான புதிதில் எந்த ஜாஸ் பாட்டை வாசித்தாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை மாதிரிதான் கேட்கும். அப்புறம் கல்யாண பேண்டில் ட்ரம்பெட் ஊதும் ஒருத்தர், பாஸ் கிடார் ஒருத்தர், ட்ரம்ஸ் ஒருத்தர். ஒத்திகை எங்கள் வீட்டு மாடியில். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையில் குளித்துக்கொண்டு வாசிப்போம். "ஜாஸ்னா என்னக்கா, டிஸ்கோ மாதிரியா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். "இல்லம்மா, டிஸ்கோவுக்குக் காசு வரும்" என்றேன்.

அந்தப் பாடகியின் நினைவாக ஒரு கச்சேரி செய்யச் சொல்லி, கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சுக் கட்டிடம் ஒன்றில் ஹால் நடத்துகிறவர்கள் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. அந்தப் பாடகிக்கு அஞ்சலி என்றால் அந்தப் பாட்டு இல்லாமல் முடியாது. மேடையில் அதை என்னால் பாட முடியாவிட்டால் அதோடு மைக்கைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்றார். அவருக்கு எதுவுமே ஒன்றும் ஆகாது.

ஒத்திகையில் ட்ரம்பெட்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "அக்கா, நீங்க எதுக்கு சிரமப்படணும். அந்த ஒரு பாட்ட நான் ஊதிடறேன். ஜனங்க கண்ணீர் வுட்டுடுவாங்க, பாருங்க."

"நான் செத்ததுக்கப்புறம் ஊதுங்க. அப்ப நல்லாவே கண்ணீர் வுடுவாங்க" என்றேன். மனிதர் ட்ரம்பெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். நல்லவர்தான், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அந்த ட்ரம்பெட்டைப் பிடுங்கி மாடியிலிருந்து வீசியிருப்பேன்.

சுருதியை நாங்கள் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். நாலு கட்டையில் பாடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டை இரண்டு கட்டைக்கு இறக்கச் சொன்னேன். இறக்கினால் மூன்றாவது வரி எனக்கு எட்டும். வீட்டுக்காரர் சரி என்று கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினார். அதை அழுத்தி வைத்தால் போதும், விரல் பழைய இடத்திலேயே வாசிக்கும், சத்தம் மட்டும் இறங்கி வரும். மெல்லிசைக் குழுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. பாடிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் குரல் ஏறியது. அழகாக இல்லை, பழைய பெட்டியைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம், ஆனால் ஏறியது. நான் முடிப்பதற்குள்ளேயே, கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லா இருந்துச்சு" என்றார் அவர். ஒவ்வொரு ஒத்திகையிலும் அப்படியேதான். தலையைத் தூக்க மாட்டார், நல்லா இருந்துச்சு என்பார், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்.

கச்சேரியன்று மத்தியானம் ஹாலுக்குப் போனால் அங்கே ஒரு பெரிய பியானோ. நிஜப் பியானோ. அன்றைக்குக் காலையில்தான் சென்னையிலிருந்து ஆள் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போனாராம். என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாப்பிள்ளையாக உட்கார்ந்தபோதுகூட அந்தச் சிரிப்பு இல்லை. மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தி, அந்தச் சத்தம் அடங்கும்வரை காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். "கீபோர்டு வண்டியிலயே இருக்கட்டும்" என்றார். மைக் சரிபார்க்க ஒரு சின்னப் பாட்டை மட்டும் வாசித்தோம். அது சுருதி மாற்றாத பாட்டு.

ஆறரைக்கு ஹால் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள், பின்னால் காலாப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள், நடுவில் எங்கள் தெரு. டிஸ்கோ கேட்ட பெண் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். முதல் பாதியில் எனக்கு எட்டுகிற பாட்டுகளாகவே வைத்திருந்தேன். எல்லாம் நன்றாகப் போனது. இடைவேளையில் ஒரு பெரியவர் வந்து "மெர்சி, மதாம்" என்று நன்றி சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாட்டு இருக்குதானே?" என்றார். இருக்கிறது என்றேன்.

இரண்டாம் பாதியின் முதல் பாட்டு அது. முன்னால் பியானோ மட்டும் தனியாக வரும், பிறகுதான் நானும் மற்றவர்களும் சேர வேண்டும். அவர் கையை வைத்தார்.

நாலு கட்டை.

முதல் அழுத்தலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பியானோவில் பட்டன் கிடையாது. விரல் எங்கே போகிறதோ அங்கேதான் சத்தம். அந்த விரல்கள் ஒத்திகை முழுக்கப் பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன, ஒரு நாள்கூட இரண்டு கட்டைக்கு வந்ததில்லை. அவரோ கண்ணை மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் ஆட, அவ்வளவு அழகாக வாசித்துக்கொண்டிருந்தார். அத்தனை அழகாக அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை. என் இடம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து, அவர் திரும்ப முதலிலிருந்து வந்தார். மறுபடி என் இடம். நான் நின்றேன்.

பாஸ்காரர் என்னைப் பார்த்தார். ட்ரம்பெட்காரருக்குப் புரிந்துவிட்டது. கல்யாண ஊர்வலத்தில் எந்தப் பாட்டு கேட்டாலும் எந்தச் சுருதியிலும் ஊதுகிறவர், அவருக்குப் புரியாமல் இருக்குமா. ட்ரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனார், என்னைக் காப்பாற்ற. நான் கையை நீட்டி வேண்டாம் என்றேன். மைக்கை விட்டுவிட்டு பியானோ பக்கத்தில் போய் நின்றேன். ஹாலில் இருந்தவர்கள் இதெல்லாம் கச்சேரியில் ஓர் அங்கம் என்று நினைத்திருப்பார்கள், ஒருத்தரும் இருமக்கூட இல்லை.

"நாலு கட்டையில வாசிக்கிறீங்க" என்றேன், அவர் காதுக்கு மட்டும்.

கை நின்றது. கண்ணைத் திறந்து கட்டைகளைப் பார்த்தார். பிடிபட்ட திருடன் மாதிரி முகம் வெளிறிவிட்டது. "பட்டன் இல்ல" என்றார்.

"எனக்குந்தான் இல்ல."

"நான் வேணும்னு செய்யலம்மா. கை தானா அங்க போவுது." தலை குனிந்தே இருந்தது. "இந்தப் பாட்டுன்னா எனக்கு அந்தக் குரல்தான் கேக்குது. நீ பாடும்போதும் அதத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று யாருக்குத் தெரியும். இத்தனை மாதமாக ஊர் என்ன சொல்லும், ஹால் என்ன சொல்லும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பழைய குரலை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தவர் என் பக்கத்திலேயே, என் கட்டிலிலேயே, என் கையால் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அது போயிடுச்சுங்க" என்றேன். "எனக்கும் அது வேணுந்தான். வராது. இப்ப இருக்கறது இதுதான். இதுக்கு வாசிக்கறீங்களா, இல்ல நான் எறங்கிப் போவட்டுமா?"

அவர் கையை இரண்டு கட்டைக்கு நகர்த்தினார். அந்தப் பாட்டை அந்த இடத்தில் வாசிக்க அந்த விரல்களுக்குத் தெரியாது. முன்வாசிப்பு நொண்டியது. ஒரு இடத்தில் தப்பாக அழுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, சரியான கட்டையைத் தேடிப் பிடித்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் புருவத்தைத் தூக்கினார். தூக்கட்டும். நான் மைக்குக்குத் திரும்பிப் போகாமல் பியானோவின் மேல் கை வைத்தபடி அங்கிருந்தே பாட ஆரம்பித்தேன். மைக் இல்லாமலே குரல் ஹாலுக்குள் போனது.

முதல் வரி. இரண்டாவது வரி. அவர் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துப் பார்த்து வைத்தார். மற்ற மூன்று பேரும் வாசிக்காமல் காத்திருந்தார்கள். மூன்றாவது வரி வந்தது. ஏறினேன். கரகரவென்று, பாதி காற்றும் பாதி குரலுமாக, மேலே போய் நின்றேன்.

பியானோ நின்றுவிட்டது. மறுபடி தப்பு வாசித்துவிட்டாரோ என்று திரும்பினால், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரி முழுக்க வாசிக்கவே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நான் பாடி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.