உட்காராத சம்பந்தி

இருளாயிக்கு நிற்கலாம், நடக்கலாம், விடியற்காலையில் மலையேறி ரப்பர் மரங்களில் பால் வெட்டலாம். உட்காரத்தான் முடியாது. உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே நெருப்புப் பிடித்து இடது கால் வழியாகப் பாதம் வரை ஓடும். இதற்குத் தோட்டத்தில் என்னென்ன பெயர் வைத்தார்கள்! வாயு என்றார்கள், செய்வினை என்றார்கள், பாசாங்கு என்றுகூடச் சொன்னார்கள்.

கடைசியில் கொழும்பில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த லேடி டொக்டர்தான் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். முதுகுத்தண்டின் கடைசியில், நரம்புகளின் வேரில், நீர் கோத்த சின்னப் பைகள் இருக்கின்றன. உட்காரும்போது அவை நரம்பை நெரிக்கும், படுத்தால் இளகும். புற்றுநோய் இல்லை, பாசாங்கும் இல்லை. அந்த அம்மா நூறு வயசுக்கு நல்லாயிருக்கட்டும் என்று இருளாயி இன்றைக்கும் வாழ்த்துகிறாள்.

ஆனால் வீட்டுக்காரர் செல்லையாவைத் தவிர மற்ற எல்லாரிடமும், மகனிடம்கூட, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். மாமியார் நோயாளி என்று தெரிந்தால் மகன் பிரதீபனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

பிரதீபனுக்குப் பிடித்த பெண் ஷாமிளா, தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. பெண் கேட்டுப் போனார்கள். அந்தத் தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளில், ஒரு வழக்கம். மாப்பிள்ளையின் தாய் பாயில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால் சம்மதம். நின்றபடியே கிளம்பினால் பெண் பிடிக்கவில்லை. தகப்பன் உட்கார்ந்தால் என்ன, உருண்டால் என்ன, அது கணக்கில் வராது.

"உக்காருங்க அக்கா" என்றாள் ஷாமிளாவின் தாய் இலட்சுமி.

"இருக்கட்டுங்க, நிக்கிறேன்."

"புதுப் பாய்தான் அக்கா."

இருளாயி மூன்றாம் முறையும் மறுத்தாள். இலட்சுமியின் முகம் சுருங்கிப்போயிற்று. அந்த வாரமே பெண் வீட்டிலிருந்து ஒருவர் வந்து சொன்னார்: பெண் கறுப்பென்று நீங்கள் நினைத்தால் நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம்.

பிரதீபன் சண்டை போடவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "புடிக்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா" என்றான். அது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை அவள் யட்டியாந்தோட்டையில் தனியாக பஸ் ஏறினாள். ஒரு பிள்ளை எழுந்து இடம் கொடுத்தது. இவள் வேண்டாமென்றாள்.

"ஏன் அம்மா, சீட்டு சுடுதா?" என்று கேலி செய்தான் கண்டக்டர்.

"ஆமா தம்பி, சுடத்தான் செய்யுது."

இலட்சுமியின் வாசலில் நின்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். "உங்க பொண்ண எனக்கு அன்னைக்கே புடிச்சிருச்சுங்க. உக்காரத்தான் முடியல. நோயாளின்னு தள்ளிருவீங்கன்னு பயந்து மறைச்சிட்டேன்."

இலட்சுமி இடுப்பில் கைவைத்து நின்றாள். "அட பாவி மனுஷி! இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன? எம் புள்ள அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்!"

உள்ளேயிருந்து ஷாமிளா ஒரு தலையணையோடு வந்தாள். அதே பாயை விரித்தாள்.

"உக்காரத்தானே முடியாது மாமி? படுத்துக்குங்க."

பெண் கேட்டுப் போன வீட்டில், ஒருக்களித்துப் படுத்தபடி, கண்ணீரும் தேத்தண்ணியுமாகச் சம்மதம் சொன்ன தாய் அந்தத் தோட்டத்திலேயே இவள் ஒருத்திதான்.

கல்யாணத்துக்குப் பிறகு கிளினிக்குக்குத் துணை ஷாமிளாதான். மாத்திரை, உடற்பயிற்சி என்று கொஞ்ச காலம் போனது. பிறகு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் அந்தப் பைகளின் நீரை உறிஞ்சி, பசை போன்ற மருந்தை உள்ளே விட்டார்கள். எல்லாருக்கும் இது ஒரே மாதிரிக் கேட்காது, நீர் மறுபடியும் சேரலாம் என்று டொக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். வலி முழுவதும் போகவில்லை. ஆனால் குறைந்தது. அதுவே பெரிய காரியம், கடவுள் புண்ணியம்.

இந்தத் தீபாவளிக்கு எல்லோரும் இலட்சுமி வீட்டில். ஷாமிளா இடுப்பில் கைக்குழந்தையோடு, வழக்கம்போலப் பாயும் தலையணையும் போட்டாள். இருளாயி தலையணையைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தாள். அவள் தேத்தண்ணியை அவசரமில்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

இலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகனைப் பார்த்தாள். "மாப்பிள்ள, ஓடிப்போய் மாலை வாங்கிட்டு வாங்க. உங்கம்மா இப்பதான் உக்காந்திருக்காங்க. பொண்ணக் குடுத்துருவோம்!"

வீடே சிரித்தது. இருளாயியும் சிரித்தாள். சுருக்கென்று வலி எட்டிப் பார்த்ததும், தலையணையை இழுத்துப்போட்டு, பேரனை வாங்கி அணைத்தபடி அந்தப் பாயிலேயே படுத்துக்கொண்டாள்.